பனிக்குள் அலை வரிகள் தெளிவாகத் தெரிகின்றன, திறந்த கடலில் ஏன் இல்லை? (சென்டினல்-1 படம்)

நிலா_இயற்பியல்:

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். துருவக் கடல்பனிக்குள் புகும் அலைகளைத் திட்டப்பணிக்கு எடுத்திருக்கிறேன். நேரில் போய் அளக்க வழியில்லை என்பதால் எல்லாமே செயற்கைக்கோள் தரவுதான்.

பேரண்ட்ஸ் கடலில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குக் கிழக்கே, பனி விளிம்பு குறுக்காக ஓடும் ஒரு சென்டினல்-1 (ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோள்) படத்தை இறக்கி ஸ்னாப் மென்பொருளில் திறந்தேன். ஐடபிள்யூ (அகலப் பட்டையாகப் படமெடுக்கும்) முறையில் எடுத்தது, பிக்சல் 10 மீட்டர். கீழ்ப்பாதி திறந்த கடல், மேல்பாதி பனி. அந்த நேரத்தில் பனிக்கு வெளியே அலை உயரம் 3 மீட்டருக்கு மேல் என்று அலைக் கணிப்பு மாதிரி சொல்கிறது. அப்படியானால் கடல் பகுதியில்தானே அலைகள் பளிச்சென்று தெரிய வேண்டும்? அங்கே மணல் மணலாக ஒரு சாம்பல் பரப்புதான் இருக்கிறது. விளிம்பைத் தாண்டிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உள்ளே போனால் வரி வரியாக அலைகள்! ஸ்கேல் வைத்து அளக்கலாம் போல அவ்வளவு சுத்தம். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே ஏறக்குறைய 300 மீட்டர்.

பனிக்குள் போகப் போக அலை சிறுக்கும் என்றுதான் படித்த எல்லாவற்றிலும் இருக்கிறது. சிறுத்த அலை தெளிவாகவும் பெரிய அலை கலங்கலாகவும் எப்படித் தெரியும்? கலிபரேஷனை மாற்றி மாற்றிப் பார்த்தும் அதே கதைதான்.

இன்னொன்றும் உண்டு. சில இடங்களில் அந்த வரிகள் நேராக இல்லாமல் நெளிந்து நெளிந்து போகின்றன. நிஜ அலை முகடு அப்படி நெளியுமா? கடைசியாக, வரிகளின் பளிச்சை வைத்து அலை உயரத்தைச் சொல்ல முடியுமா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

---

பழைய_ரேடார்:

உங்கள் படத்தில் கோளாறு எதுவும் இல்லை. கலிபரேஷனை நிம்மதியாக விடுங்கள். இதைக் கேமராப் படம் போலப் பார்த்தால் கடைசிவரை குழப்பம்தான்.

சென்டினல்-1-இல் இருப்பது போன்ற எஸ்.ஏ.ஆர். (பறந்தபடியே எதிரொலிகளைச் சேர்த்துப் படமாக்கும்) ரேடார் ஒரு புள்ளியை, தான் பறக்கும் திசையில் எங்கே வைப்பது என்று டாப்ளர் மாற்றத்தை (அசைவால் எதிரொலியின் அதிர்வெண் மாறுவதை) பார்த்துத்தான் முடிவு செய்கிறது. கீழே இருப்பது அசையாமல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு அது. ரேடாரை நோக்கி ஒன்று நகர்ந்து வந்தால் அதன் டாப்ளர் கூடிவிடும், கணக்கு அதை வேறு இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். ஓடும் கப்பல் ஒரு பக்கமும் அதன் பின்தடம் வேறொரு பக்கமுமாகத் தெரியும் ரேடார் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான்.

எவ்வளவு விலகும்? ரேடாருக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்தைச் செயற்கைக்கோளின் வேகத்தால் வகுத்து, பொருளின் வேகத்தால் பெருக்குங்கள். சென்டினல்-1 சுமார் 700 கி.மீ. உயரத்தில் இருந்து சாய்வாகப் பார்க்கிறது. சாய்தூரம் 800 கி.மீ. என்றும் வேகம் வினாடிக்கு 7.5 கி.மீ. என்றும் வைத்தால் 107 வினாடி வருகிறது. வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ரேடாரை நோக்கி வரும் நீர், படத்தில் 100 மீட்டர் தள்ளிப் போய் உட்காரும்!

இப்போது உங்கள் அலைக்கு வருவோம். ஆழ்கடலில் அலைநீளம் என்பது 1.56 பெருக்கல் அலைக்காலத்தின் வர்க்கம். 300 மீட்டர் என்றால் ஏறக்குறைய 14 வினாடி அலை, எங்கோ தொலைவில் அடித்த புயலின் ஸ்வெல். பனிக்குள் அதன் உயரம் 1 மீட்டர் என்று வையுங்கள். நீரும் மேலே மிதக்கும் பனியும் ஏறி இறங்கும் அதிகபட்ச வேகம் வினாடிக்கு 22 சென்டிமீட்டர்தான். சாய்கோணத்தையும் சேர்த்தால் படத்தில் விலகல் 20 மீட்டர் அளவு. அலையின் ஒரு பாதியில் பிக்சல்கள் ஒன்றை ஒன்று நெருங்கும், அங்கே பளிச். மறுபாதியில் விலகிப் பரவும், அங்கே மங்கல். இதைத்தான் வெலாசிட்டி பஞ்சிங் என்கிறார்கள். நீங்கள் பார்க்கும் வெள்ளை வரி முகடாகவும் இருக்கலாம், பள்ளமாகவும் இருக்கலாம். அலை செயற்கைக்கோளோடு ஒரே பக்கம் போகிறதா, எதிர்ப்பக்கம் வருகிறதா என்பதைப் பொறுத்து அது மாறும்.

சரி, வெளியே என்ன நடக்கிறது? திறந்த கடலில் ஸ்வெல் தனியாக இல்லை, அதன் மேலே உள்ளூர்க் காற்று எழுப்பிய குட்டை அலைகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. 5 வினாடி அலை ஒன்றை எடுங்கள், உயரம் 2 மீட்டர். நீளம் வெறும் 39 மீட்டர். ஆனால் நீரின் வேகம் வினாடிக்கு 1.25 மீட்டர், அதனால் விலகல் 115 மீட்டருக்கு மேல். தன் நீளத்தைப் போல மூன்று மடங்கு தூரத்துக்கு எறியப்பட்ட அலையைப் படத்தில் எங்கே போய்த் தேடுவது? அது தான் கெடுவதோடு நிற்பதில்லை. அடியில் இருக்கும் ஸ்வெல்லின் பிக்சல்களையும் வாரி இறைத்துவிடுகிறது. சாதாரணக் கடல் நிலையிலேயே, பறக்கும் திசையில் 200 மீட்டருக்குக் குறைந்த அலைநீளங்கள் இப்படி அழிந்துபோகும். காற்று பலமாக இருந்தால் அந்த எல்லை இன்னும் மேலே ஏறும். உங்கள் 300 மீட்டர் ஸ்வெல் வெளியேயும் இருக்கிறது. நீங்கள் பார்த்த அந்த மணல் மணலான சாம்பலில் புதைந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

பனிக்குள் நுழைந்ததும் முதலில் சாவது குட்டை அலைகள்தான். அலைக்காலம் குறையக் குறையத் தேய்மானம் வேகமாகக் கூடும். விளிம்பிலிருந்து சில கிலோமீட்டரில் காற்றலைகள் போய்விடும், 14 வினாடி ஸ்வெல் ஏதோ கொஞ்சம் இளைத்தபடி உள்ளே நடக்கும். இறைத்துவிடும் ஆள் போன பிறகு வரி தெளியாமல் என்ன செய்யும்? என்னைக் கேட்டால், ரேடாருக்கு அலையை அளக்கப் பனியை விட நல்ல இடம் கடலில் கிடையாது. திறந்த கடலில் சிற்றலைகளின் சொரசொரப்பு, சாய்வு, நுரை என்று பல காரணங்கள் பளிச்சைக் கூட்டிக் குறைக்கும். பனியில் அவை பெரும்பாலும் விழுந்துவிடும், விலகல் ஒன்றுதான் மிச்சம். கணக்கு எளிதாகிவிடும்.

நெளிவைப் பற்றி. முகடு நெளியவில்லை. அங்கே இரண்டு ஸ்வெல்கள் வெவ்வேறு திசையிலிருந்து வந்து குறுக்கிடுகின்றன. ஒன்றின் வரிகளை மற்றொன்றின் வேகம் முன்னும் பின்னும் தள்ளிவைக்கிறது, அதனால் கோடு வளைந்து தெரிகிறது. பிரெஞ்சுக் கடலியலாளர் ஃபாப்ரிஸ் ஆர்துயினின் குழு 2015-இல் சென்டினல்-1ஏ படங்களை வைத்து இதை விளக்கியது. 2017-இல் அந்த நெளிவையே பயன்படுத்தி அலை உயரத்தைத் திருப்பி எடுக்கும் முறையையும் வெளியிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. படத்தின் குறை என்று எல்லோரும் ஒதுக்கியதை அவர்கள் அளவுகோலாக்கிக்கொண்டார்கள்.

உயரம் எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். ஒரு எல்லை மட்டும் உண்டு. விலகல், அலைநீளத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் பிக்சல்கள் ஒன்றையொன்று கடந்து போகத் தொடங்கும். உங்கள் அலைக்கு அது 48 மீட்டர், அலை உயரத்தில் சொன்னால் இரண்டேகால் மீட்டர் பக்கம். அதற்குக் கீழே என்றால் பளிச்சின் ஏற்ற இறக்கத்திலிருந்து நேராக வேகம், வேகத்திலிருந்து உயரம். அதற்கு மேலே போனால் வரிகள் ஊசி போல் மெலிந்து பளபளக்கும், நேர்க் கணக்கு பொய் சொல்லும்.

---

கரையில்_நிற்பவன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு சுற்றி வளைத்து ஊகிப்பதற்குப் பனித்தட்டின் மேல் நாலு கருவியை வைத்துவிட்டு வந்தால் ஏறி இறங்குவதை அதுவே சொல்லிவிடாதா? ரேடார் தரும் எண்ணை யார் நம்புவது?

---

பழைய_ரேடார்:

வைத்திருக்கிறார்கள். 2012 செப்டம்பரில் அரோரா ஆஸ்ட்ராலிஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பலில் போன குழு அன்டார்க்டிக் பனித்தட்டுகளில் ஐந்து கருவிகளை வைத்தது. 3 மீட்டருக்கு மேற்பட்ட பெரிய அலைகள் எதிர்பார்த்ததை விட மெதுவாகத் தேய்ந்து வெகு தூரம் உள்ளே போய்ப் பனியை உடைக்கின்றன என்பது அதில்தான் தெரிய வந்தது, 2014-இல் நேச்சர் இதழில் வந்தது. அது இல்லாமல் செயற்கைக்கோள் எண்களைச் சரிபார்க்கவே முடியாது, உங்கள் சந்தேகம் நியாயம்தான்.

ஆனால் ஐந்து புள்ளி என்பது ஐந்து புள்ளிதான். கருவி வைத்த தட்டு நகரும், உடையும், இன்னொன்றின் மேல் ஏறும். அன்டார்க்டிகாவைச் சுற்றிப் பனி விளிம்பு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளம். புயல் நேரத்தில் அங்கே யார் போய் நிற்பது? மிதவையும் வேண்டும், மேலிருந்து பார்ப்பதும் வேண்டும்.

---

ஒளித்துகள்:

நிலா, ரேடார்காரர் சொல்வது எல்லாம் சரி, ஆனால் உயரம் வேண்டும் என்றால் உயரத்தையே அளக்கும் கருவியை விட்டுவிட்டு ஏன் பளிச்சைக் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டும்? நாசாவின் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் இருக்கிறதே. 2018 செப்டம்பரில் ஏவியது. 532 நானோமீட்டர் பச்சை லேசர், வினாடிக்கு 10,000 துடிப்பு. ஒரு துடிப்பில் சுமார் 20 லட்சம் கோடி ஃபோட்டான்கள் கிளம்புகின்றன, திரும்பி வருவது ஒரு டஜன் இருந்தால் அதிகம். அந்த டஜனை வைத்தே மட்டமான பனியின் உயரத்தைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் சொல்லிவிடுகிறது. துடிப்புக்குத் துடிப்பு தரையில் இடைவெளி 70 சென்டிமீட்டர். உங்கள் 300 மீட்டர் அலையின் மேல் நானூறு துடிப்புக்கு மேல் விழும்!

ஏடிஎல்07 என்ற கடல்பனி உயரத் தொகுப்பை இறக்கி, விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு தடத்தை வரைந்து பாருங்கள். பனியின் மேடு பள்ளத்தோடு சேர்ந்து முழுப் பரப்பும் சைன் அலை போல ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும். 2020-இல் ஹோர்வாட் குழு இதை முறையாகச் செய்து, எந்தக் கடலில் எந்த மாதத்தில் பனிக்குள் அலை வருகிறது என்று துருவம் முழுக்கக் கணக்கெடுத்தது. பனி விளிம்பு மண்டலத்துக்குப் பனிச்செறிவு (கடற்பரப்பில் பனி மூடிய பங்கு) 15 முதல் 80 சதவீதம் வரை என்று வழக்கமாக ஒரு வரையறை உண்டல்லவா? அலை அந்தக் கோட்டை மதிப்பதே இல்லை, 80-க்கு மேல் செறிவுள்ள பனிக்குள்ளும் போகிறது.

ஒரு எச்சரிக்கை. அதே தரவிலிருந்து பனித் தடிமன் எடுக்கிறவர்கள் அலைப் பள்ளத்தைப் பனிப்பிளவில் தெரியும் கடல் மட்டம் என்று எண்ணிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அலையுள்ள இடத்தில் தடிமன் எண்களை அப்படியே எடுத்துவிடாதீர்கள்.

---

பழைய_ரேடார்:

ஒளித்துகள் சொன்னதை நான் மறுக்கவில்லை. லேசர் வேலை அழகானது. மேகம் வந்தால் மட்டும் குருடு. பனிக்குள் பெரிய அலை எப்போது வரும்? புயலின்போது. புயலின்போது மேலே என்ன இருக்கும்? இதை நீங்களே சொல்லுங்கள்! லேசர் எடுத்த அலைப் புள்ளிவிவரம் எல்லாமே தெளிந்த வானத்தின் புள்ளிவிவரம். ரேடாருக்கு மேகமும் இருட்டும் ஒரு பொருட்டே இல்லை. மாதக்கணக்கில் சூரியன் எட்டிப் பார்க்காத இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது, லேசருக்கு ஒரு கோடுதான் தெரியும். அலை அந்தக் கோட்டுக்கு 60 டிகிரி சாய்வாக வந்தால் 300 மீட்டர் அலை 600 மீட்டராகத் தெரியும். திசை தெரியாமல் நீளம் இல்லை, நீளம் தெரியாமல் அலைக்காலம் இல்லை.

லேசருக்கு முன்னாலும் உயரமானிகள் இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பனிக்குள் ஸ்வெல் புகுவதை விண்ணிலிருந்து முதலில் பார்த்தது 1978-இல் பறந்த நாசாவின் சீசாட் செயற்கைக்கோளின் ரேடார் உயரமானி. ஜூனில் ஏவினார்கள், அக்டோபரில் மின்கோளாறில் செத்துப்போனது. மூன்று மாதச் சொச்சத் தரவைக் கையில் வைத்துக்கொண்டு கிறிஸ் ராப்லி 1984-இல் கட்டுரை எழுதினார். இன்று தரவு மலை போலக் குவிந்து கிடக்கிறது, பார்க்கத்தான் ஆள் இல்லை.

---

ஒளித்துகள்:

மேகத்துக்குப் பதில் என்னிடம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். திசைக்கு உண்டு. ஐஸ்சாட்-2 ஒரு கோடு இல்லை, ஆறு கோடு. மூன்று ஜோடி, ஜோடிக்கு ஜோடி 3.3 கி.மீ., ஒரு ஜோடிக்குள் 90 மீட்டர். அந்த 90 மீட்டர் இடைவெளியில் அலை எவ்வளவு முன்பின்னாக வருகிறது என்று பார்த்தால் திசை கிடைக்கும். கஷ்டம்தான், முடியாதது இல்லை.

---

நிலா_இயற்பியல்:

சார், மிக்க நன்றி. ஒளித்துகள், உங்களுக்கும். கணக்கை நானே போட்டுப் பார்த்தேன், 20 மீட்டர் விலகல் சரியாக வருகிறது.

இரண்டு சந்தேகம் மிச்சம். விளிம்பிலிருந்து ஏறக்குறைய 60 கி.மீ. உள்ளே வரிகள் மறைந்துவிடுகின்றன. அங்கே அலை முழுக்கச் செத்துவிட்டது என்று எழுதலாமா? அடுத்தது, இரண்டு நாள் கழித்து அதே பகுதியில் எடுத்த இன்னொரு படத்தில் பனிக்குள் வரியே இல்லை. கணிப்பு மாதிரியோ அன்றும் வெளியே 2 மீட்டர் ஸ்வெல் என்கிறது.

---

பழைய_ரேடார்:

இரண்டாவதை முதலில் பார்ப்போம், அது சுவையானது. அன்றைய ஸ்வெல் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று மாதிரியில் பாருங்கள். பறக்கும் திசைக்குச் செங்குத்தாக, அதாவது ரேடார் பார்க்கும் திசையிலேயே வந்திருந்தால் ஒரு முகடு முழுவதும் ஒரே அளவுக்கு, அந்த முகட்டின் மேலேயே நகரும். எங்கும் நெருக்கம் இல்லை, பரவலும் இல்லை. அலை இருக்கும், வரி ஏறக்குறைய இருக்காது. ‘வரி இல்லை, ஆகவே அலை இல்லை’ என்று எழுதிய கட்டுரையை என்னிடம் மதிப்பீட்டுக்குக் கொடுத்தால் அங்கேயே மூடிவைத்துவிடுவேன். ஏறுமுகப் பாதை (தெற்கிலிருந்து வடக்கே), இறங்குமுகப் பாதை (வடக்கிலிருந்து தெற்கே) இரண்டிலும் எடுத்த படங்களைத் தேடுங்கள். பறக்கும் திசை மாறும்போது ஒன்றில் ஒளிந்தது மற்றொன்றில் தலைகாட்டும்.

முதல் சந்தேகம். செத்துவிட்டது என்று எழுதாதீர்கள். அலை உயரம் 20 சென்டிமீட்டருக்கு இறங்கினால் விலகல் 4 மீட்டர்தான், உங்கள் பிக்சலில் பாதிகூட இல்லை. ரேடார் படத்தின் புள்ளி இரைச்சலில் அது காணாமல் போகும். ‘இந்த உயரத்துக்கு மேல் அலை இல்லை’ என்று ஓர் உச்ச வரம்பு மட்டும் சொல்லலாம். 20 சென்டிமீட்டர் அலையும் வெறும் பூஜ்யம் இல்லை, பனித்தட்டை அது இன்னும் வளைத்துக்கொண்டுதான் இருக்கும்.

என் யோசனை: வரிகள் தெரியும் பகுதியைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஃபூரியர் நிறமாலை (எந்த அலைநீளம் எவ்வளவு பலம் என்ற கணக்கு) எடுங்கள். உள்ளே போகப் போக உச்சம் நீண்ட அலைக்கு நகர்ந்தால் தேய்மானம் உண்மை. உச்சம் அங்கேயே நின்று பளிச்சு மட்டும் குறைந்தால் பனியின் வகை மாறியிருக்கலாம், அவசரப்படாதீர்கள். ஒற்றைப் படத்தின் நிறமாலையில் அலை இந்தப் பக்கமா எதிர்ப்பக்கமா என்ற குழப்பம் எப்போதும் இருக்கும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, பனிக்குள் ஸ்வெல் திறந்த கடல் பக்கத்திலிருந்துதான் வரும்.

---

ஒளித்துகள்:

படத்தின் தேதியையும் நேரத்தையும் போடுங்கள் நிலா. அன்று ஐஸ்சாட்-2 தடம் பக்கத்தில் போயிருக்கிறதா, மேகம் விட்டுக்கொடுத்ததா என்று பார்த்துச் சொல்கிறேன். மூன்று மணி நேரத்துக்கு உள்ளே இருந்தால் ஒப்பிடலாம் என்று நினைக்கிறேன்.

---

பழைய_ரேடார்:

மூன்று மணி நேரம் கொஞ்சம் தாராளம். 14 வினாடி அலையின் ஆற்றல் வினாடிக்கு 11 மீட்டர் போகும், மணிக்கு 40 கி.மீ. மூன்று மணியில் 120 கி.மீ. தாண்டிவிடும், அவர் பார்க்கும் பகுதியே 60 கி.மீ.தான். புயல் நிலையாக அடித்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை, இல்லாவிட்டால் ஒரு மணிக்குள் பாருங்கள்.

---

நிலா_இயற்பியல்:

தேதியையும் படத்தின் முழுப் பெயரையும் தனி இழையில் போட்டிருக்கிறேன். இரண்டாவது படத்தின் ஸ்வெல் திசையை இப்போதுதான் பார்த்தேன். பறக்கும் திசைக்கு 80 டிகிரிக்கும் மேல். ஏறுமுகப் படம் ஒன்று அதே நாளில் கிடைக்கிறது, இறக்கிக்கொண்டிருக்கிறேன்.